எகோன் பிளக் பிடுங்கிய படலம்

வாழ்க வோல்க்மார்! முழங்காலில் வலியும் விரல்நுனியில் மின்னலும் உடையோன், எண்ணற்ற திருகுகள் பூண்ட சிந்தசைசர் என்னும் மின்னிசைப் பெட்டியாகிய மதயானையைத் தனியொருவனாய் அடக்கியாண்டோன், கேசட்டை ஓடவிட்டுக் கையாட்டும் பொய்யர் குலத்துக்குக் காலன், பெர்லின் மாநகரத்துக் கோப்பெனிக் தோட்டக் காலனியின் கோடைவிழா மேடையில், சாசேஜ் வாட்டும் புகை வெண்கொற்றக் குடையெனக் கவிய, எழுந்தருளினான்.

ஒரு திருகை எள்ளளவு திருப்பினான், கடல் குமுறிற்று. மற்றொன்றைப் பாதி எள்ளளவு திருப்பினான், இடி இறங்கிற்று. அவ்வளவுதான் அவன் அசைவு. மெய்யாக வாசிப்பவனுக்குக் குதிக்க நேரம் ஏது?

எதிரே, பியர்க் குவளையே கேடயமாக, காலனியின் கரண்டுப் பெட்டிச் சாவியே செங்கோலாக நின்றான் சந்தேகச் சக்கரவர்த்தி எகோன். அண்டைத் தோட்டத்துத் தக்காளி சிவந்தாலும் சாயம் பூசியது என்பவன். அவன் தலையசைத்தால்தான் வோல்க்மாருக்கு அடுத்த கோடையும் மேடை.

"ஆளு அசையவே காணோம், பாட்டு மட்டும் ஓடுது! உள்ள கேசட்டுடா!" என்று முழங்கினான் எகோன்.

வோல்க்மாரின் மீசை வேலெனச் சிலிர்த்தது. கையால் வாசிப்பதை மெய்ப்பிக்க, வேண்டுமென்றே ஒரு சுரத்தைக் கோணலாக விட்டான். காக்கைகள் சிதறின, கைக்குழந்தைகள் அலறின.

"தப்பையும் சேத்துல்ல பதிஞ்சு வச்சிருக்கான், எமகாதகன்! பிளக்கப் புடுங்குறேன் பாரு. கேசட்டுன்னா நின்னுடும்!"

புடுங்கினான். ஊழிக்காலத்து அமைதி சூழ்ந்தது.

"நின்னுச்சா!"

"அட மடையா, கரண்டுல ஓடுறதுடா! கையால வாசிச்சாலும் நிக்கும்டா!"

கேட்பார் யார்? பிளக் மீண்டும் ஏறியபோதோ, கரண்டு போனால் கற்றதெல்லாம் மறந்துவிடும் அந்தக் கிழப்பெட்டி, பிறந்த குழந்தையாய் விழித்தது. மறுபடி பழக்க அரைநாள் வேண்டும். கூட்டமோ மேசைகளைப் போர்முரசாய் அறைந்தது. மாவீரன் குனிந்து, சென்ற கோடையில் தான் வாசித்ததைப் பதிந்த கேசட்டை மேடைக்கடியில் கிடந்த டேப் ரெக்கார்டரில் ஓடவிட்டான்; வெட்கத்தை மறைக்க, செத்த திருகுகளின் மேல் இரு கைகளையும் சூறாவளியாய்ச் சுழற்றினான், குதித்தான், வேர்வையாற்றில் நீந்தினான்.

எகோனின் கண்கள் குளமாயின. குவளையை வானுக்கு உயர்த்தினான்.

"இப்பத்தாண்டா கையால வாசிக்கிற! வேர்வையப் பாருங்கய்யா, வேர்வைய! அடுத்த வருஷமும் இவந்தான்!"

வோல்க்மார் இப்போதெல்லாம் சிந்தசைசருக்குப் பிளக் மாட்டுவதே இல்லை.