நாத்தனாரின் இரண்டு முடிச்சு

கல்யாணம் நிச்சயமான பிறகு கையை உடைத்துக்கொள்வதற்கு ஒரு தனித் திறமை வேண்டும். அது என்னிடம் இருந்தது. சதுரங்கப்பட்டினம் கோட்டைச் சுவரில் ஏறி நின்று, போட்டோகிராபர் சொன்னபடி வருங்கால மனைவி வித்யாவைப் பார்த்துக் கைகளை விரித்தேன். (விரிக்கத்தான் சொன்னார், விழச் சொல்லவில்லை.) வலது மணிக்கட்டு முறிந்தது.

மாவுக்கட்டைப் பிரித்தபோது விரல்கள் என் பேச்சைக் கேட்கவில்லை. ஊரப்பாக்கத்தில் பிசியோதெரபி பார்க்கும் மேடம் கையைத் திருப்பிப் பார்த்தார்.

"இந்தக் கையால முக்கியமா இன்னா பண்ணணும் தம்பி?"

"தாலி கட்டணும் மேடம். அடுத்த மாசம்."

"அப்போ அதையே பயிற்சியா வச்சிக்கலாம்."

முதலில் சப்பாத்தி மாவைப் பிசைய வைத்தார். பிறகு வீட்டுத் தண்ணீர் கேன் மணப்பெண் ஆயிற்று. அதன் கழுத்தில் கயிற்றைச் சுற்றி, "புடி, இழு, அஞ்சு எண்ணு, வுடு" என்பது மேடம் சொல்லிக்கொடுத்த கணக்கு. மூன்று முடிச்சும் விழுந்தால்தான் காபி என்று அம்மா சட்டம் போட்டுவிட்டார். வலியில் கண்ணில் தண்ணீர் கொட்டும். 'மாப்பிள்ளையால தாலியே கட்ட முடியாதாமே' என்று பெண் வீட்டில் யாரோ சொன்னது காதுக்கு வந்ததும் எனக்கு வெறி பிடித்துவிட்டது. காபி குடித்த பிறகும் கட்டினேன்.

முகூர்த்தத்தில் கயிறு கைக்கு வந்ததும் மண்டபமே மறந்துபோனது. "புடி... ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு... வுடு" என்று கெட்டிமேளத்தையும் மீறி எண்ணிக்கொண்டே மூன்று முடிச்சையும் போட்டு முடித்தேன். பாராட்டை எதிர்பார்த்து மேடத்தைத் தேடினேன். அவர் முன்வரிசையில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளைக்கு ஒரு முடிச்சுதான். மீதி இரண்டும் நாத்தனாருக்கு. (அம்மா மூன்று போடச் சொன்னது கை தேறுவதற்காக மட்டும்தான்.) அதற்காகவே புதுப் பட்டுப்புடவை கட்டி வித்யாவின் பின்னால் நின்ற என் அக்கா, நீட்டிய கையை இன்னும் மடக்கவில்லை.

"உன் கல்யாணத்துல எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான்டா. அதையும் நீயே போட்டுகினியா?"

அவள் கண் கலங்கியதைப் பார்த்து எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது. (வலி என்று நினைத்து வித்யா என் மணிக்கட்டை நீவிவிட்டாள்.) கடைசியில் ஐயர்தான், "நீங்களும் போடும்மா, கெட்டியாத்தானே இருக்கும்" என்று வழிவிட்டார். ஊரிலேயே ஐந்து முடிச்சுத் தாலி கட்டிக்கொண்டவள் என் மனைவிதான்.

போன மாதம் செங்கல்பட்டில் சித்தப்பா பையனுக்குக் கல்யாணம். அவனுக்குக் கையில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் தாலித் தட்டு வந்ததும் அக்கா மேடையேறி அவன் காதில் சொன்னது மைக்கில் எல்லோருக்கும் கேட்டது.

"தம்பி, ஒண்ணோட நிறுத்திக்கோ. நம்ம வூட்டு ஆம்பளைங்களுக்குக் கை நிக்காது."