இருபத்திரண்டாம் கேள்வி

நான் தோற்றுப்போன ஒரே பரீட்சை இதுதான் என்று எழுத ஆசை. ஆனால் சுவாமிப் படங்களுக்கு முன்னால் இருக்கும் மேசையில் இருந்து எழுதுகிறேன். பொய் எழுதக் கை கூசுகிறது. பத்தாம் வகுப்புக் கணக்கில் இரண்டு தரம் தோற்றேன். ரொறன்ரோவுக்கு வந்து கார் ஓட்டும் சோதனையில் மூன்று தரம். அதெல்லாம் தெரியாமல் தோற்றது. இந்த ஒன்றில் மட்டும் சரியான விடை தெரிந்துகொண்டே தோற்றேன். (உலகத்திலயே நீர் ஒரு ஆள்தான் எண்டு என்ரை மனுசன் இண்டைக்கும் சொல்லுவார்.)

அப்போது ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்தின் லோன்றியில், துணி தோய்க்கிற பகுதியில், எனக்குப் பதினோராவது வருடம். ஈரமான படுக்கை விரிப்புகளை மெஷினிலிருந்து இழுத்து இழுத்து வலது தோள்மூட்டு தேய்ந்துவிட்டது. இதே வேலையைத் தொடர்ந்தால் அந்தக் கையைத் தலைக்கு மேலே உயர்த்தவே முடியாமல் போகும் என்று டொக்ரர் சொன்னார். அப்படியென்றால் கோயிலில் எப்படிக் கும்பிடுவது என்பதுதான் எனக்கு முதலில் வந்த பயம்.

அந்த நேரம் பார்த்து ஒரு அரச அலுவலகத்தில் கோப்புகள் அடுக்கும் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். கதிரையில் உட்கார்ந்திருந்து செய்கிற வேலை. ஒரு பரீட்சை எழுதவேண்டும். தவறினால் ஒரு வருடத்துக்குத் திரும்ப விண்ணப்பிக்க முடியாது. முருகா, என் தோள் உன் கையில் என்று விண்ணப்பத்தை அனுப்பினேன்.

ஆங்கிலமும் கூட்டல் கழித்தலும் எப்படியோ சமாளிக்கலாம். நடுவிலே தர்க்கம் என்று ஒரு பகுதி இருந்தது. இரண்டு வசனம் தருவார்கள். மூன்றாவது வசனம் அந்த இரண்டிலிருந்தும் வருமா வராதா என்று சொல்லவேண்டும். யுனிவேர்சிற்றியில் படிக்கிற மகள் தர்சிகா எனக்கு வாத்தியாரானாள்.

"அம்மா, கேளுங்கோ. எல்லா நாயும் மீன். எல்லா மீனும் பறக்கும். ஸோ, எல்லா நாயும் பறக்குமோ?"

"விசரே உனக்கு? நாய் எப்பிடியடி பறக்கும்?"

"பறக்காது. பட் அவங்கள் சொன்னதை ட்ரூ எண்டு எடுக்கோணும்."

"பொய்யெண்டு தெரிஞ்சுகொண்டும்?"

"ஓமம்மா!"

"அப்ப இது பரீட்சையோ, கள்ளச்சாட்சியோ?"

அவள் தலையில் கைவைத்தாள். முதல் கிழமை பத்துக்கு இரண்டு எடுத்தேன். அந்த இரண்டும் கண்ணை மூடிக் குத்தியது.

பிறகு அவள் வட்டம் கீறிக் காட்டினாள். நாய் வட்டம் மீன் வட்டத்துக்குள்ளே, மீன் வட்டம் பறக்கிற வட்டத்துக்குள்ளே. வட்டம் என்றதும் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது, தோசைக்கல்லிலேயே பழகலாம் அல்லவா? 'எல்லாம்' என்றால் பெரிய தோசைக்குள் சின்னத் தோசை. 'சில' என்றால் ஒன்றின்மேல் பாதி ஏறின தோசை. இரண்டு கிழமை வீட்டில் ஒட்டின தோசைதான். ஒரு நாள் மனுசன் தோசைக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டார்:

"இஞ்சரும், ஒண்டோடையும் சம்பந்தமில்லாமல் ஒரு தோசை எனக்குக் கிடைக்குமோ?"

கடைசியில் எனக்கு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் 'கதைக்கு', அதாவது சும்மா ஒரு பேச்சுக்கு, என்று மனத்துக்குள் சேர்த்துக்கொள்வது. கதைக்கு எல்லா நாயும் மீன். கதைக்குச் சொன்னால் பாவமில்லை. அதன்பிறகு பத்துக்கு எட்டு, ஒன்பது. தர்சிகா என்னைக் கட்டிப்பிடித்தாள். தோள் நொந்தது, ஆனால் நான் சொல்லவில்லை.

பரீட்சை ஒரு வெள்ளிக்கிழமையில் வந்தது. நல்ல சகுனம் என்று நினைத்தேன். (என்ரை புத்தியைப் பாருங்கோ!) விடியத் தலைக்குத் தோய்ந்து, விளக்கேற்றி, தேவாரம் பாடி, நெற்றி நிறையத் திருநீறு பூசினேன். விளக்குக்கு எண்ணெயைப் பார்த்துக்கொள் என்று மகளிடம் சொல்லி, "போட்டு வாறன்" என்று வெளிக்கிட்டேன்.

எங்கள் வீட்டில் 'போறன்' என்று ஒருவரும் சொல்வதில்லை. அரிசி முடிந்தால் முடிந்தது என்று சொல்லமாட்டோம், நிறைந்துவிட்டது என்போம். விளக்கைக்கூட அணைப்பதில்லை, குளிரவைப்போம். வாயில் வருவது வீட்டிலும் வரும் என்று வளர்ந்தவள் நான். அதுவும் வெள்ளிக்கிழமையில்.

மண்டபத்தில் நாற்பது பேர், நாற்பது கணினி, ஒரு சத்தமில்லை. நாய், மீன், மேசை, முகில் எல்லாவற்றையும் கதைக்கு, கதைக்கு என்று தாண்டி இருபத்தொன்று வரை வந்துவிட்டேன். அடுத்ததை அமத்தினேன்.

எல்லா விளக்குகளும் கல். எந்தக் கல்லும் வெளிச்சம் தராது. ஆகவே, எந்த விளக்கும் வெளிச்சம் தராது.

விடை கண்ணுக்கு முன்னால் வட்டமாகவே வந்து நின்றது. வரும். அதை ஒரு தரம் அமத்தினால் போதும். விரல் போகவில்லை. வீட்டில் என் கையால் ஏற்றின விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. 'கதைக்கு' என்று பத்துத் தரம் சொல்லிப் பார்த்தேன். நாய்க்குச் சரிவந்தது விளக்குக்குச் சரிவரவில்லை. 'வராது' என்று அமத்தலாம் என்றால் அது பிழை என்று தெரியும், தெரிந்துகொண்டு அமத்தினால் பொய். ஒன்றையும் அமத்தாமல் அடுத்த கேள்விக்குப் போகவும் அந்தக் கணினி விடாது.

கையை உயர்த்தினேன். வலது கை தோளளவுக்குத்தான் போனது. மேற்பார்வை செய்தவர் கவனிக்கவில்லை. இடது கையால் வலது கையைத் தூக்கிப் பிடித்தேன். வந்தார்.

"இந்தக் கேள்வியை நாளைக்குச் செய்யலாமா? இன்று வெள்ளிக்கிழமை" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன்.

"கணினி வேலை செய்யவில்லையா?"

"கணினி நல்லாக வேலை செய்கிறது. விளக்குத்தான் பிரச்சினை."

அவர் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். சுற்றியிருந்தவர்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். எல்லா மின்விளக்குகளும் பளிச்சென்று எரிந்தன. "எல்லாம் எரிகிறதே" என்றார் மெதுவாக, காய்ச்சல்காரரோடு கதைப்பதுபோல. அதற்குப் பிறகு வாய் திறக்க எனக்கு வெட்கம். திரையைப் பார்த்தபடி இருந்தேன். நேரம் முடிந்ததும் அது தானாகவே மூடிக்கொண்டது. எட்டுக் கேள்விகளை நான் காணவேயில்லை.

பஸ்ஸில் அழுதேன். கண்ணைத் துடைக்கப்போய்த் திருநீறும் அழிந்தது. என் இறங்குமிடத்தைத் தாண்டி இரண்டு தரிப்பு போய்த் திரும்பி நடந்தேன்.

கதையைக் கேட்டுவிட்டு மனுசன் விரல்விட்டு எண்ணினார்.

"நாய் பறக்குது எண்டாங்கள், ஓமெண்டனீர். மேசை நடக்குது எண்டாங்கள், அதுக்கும் ஓமெண்டனீர். ஒரு விளக்குக்கு மாட்டன் எண்டிட்டீரோ?"

"வெள்ளிக்கிழமையப்பா."

"அம்மா, முருகன் உந்த ரெஸ்ற்றைப் பாக்கமாட்டாரம்மா!" தர்சிகாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

முகம் கழுவிவிட்டுச் சுவாமிப் படங்களுக்கு முன்னால் போனேன். விளக்கு நூர்ந்து, திரி கருகிக் கிடந்தது. பிள்ளை எண்ணெய்விட மறந்துபோனாள். நான் சொல்லாமலே அது நடந்திருந்தது. அன்று நான் அழுத அழுகையில் இரண்டாவது பாதி அதற்குத்தான்.

அடுத்த வருடம் அந்த அலுவலகம் ஆள் எடுக்கவில்லை. நான் இன்னும் அதே லோன்றியில்தான். கோயிலில் இடது கை மேலே போகிறது, வலது கை நெஞ்சோடு நின்றுவிடுகிறது. பாதிக் கும்பிடு. முருகன் எடுத்துக்கொள்வார் என்று நம்புகிறேன்.

வீட்டில் பல்ப் பழுதானால் அப்படி ஒருவரும் சொல்வதில்லை. 'இருபத்திரண்டாம் கேள்வி' என்பார்கள். "அப்பா, பேஸ்மென்ற்றில இருபத்திரண்டாம் கேள்வி!" போன மாரியில் பனிப்புயலடித்து, பின்னேரம் தெரு முழுவதும் கரண்ட் போனது. கும்மிருட்டுக்குள் மனுசனின் குரல் கேட்டது:

"இஞ்சரும், இப்ப சொல்லும் பாப்பம். வருமோ, வராதோ?"

நான் சுவாமி விளக்கடிக்குத் தடவித் தடவிப் போனேன். தீப்பெட்டியைத் தேடினேன்.