பிறர் வாய்க்குப் பொறுப்பாளர்

தன் வாய் ஒன்று போதாமல் அடுத்தவர் வாயையும் குத்தகைக்கு எடுத்துப் பேசுகிற இனம் ஒன்று உண்டு. உங்களுக்கும் பழக்கமாகத்தான் இருக்கும். "எங்கே வலிக்கிறது?" என்று டாக்டர் நோயாளியைக் கேட்டால், துணைக்கு வந்த இவர் தன் இடுப்பைத் தொட்டுக் காட்டுவார். பெண் பார்க்கப் போன வீட்டில் மாப்பிள்ளை வாயைத் திறப்பதற்குள், கேசரித் தட்டைக் கீழே வைக்காமலே சம்மதம் சொல்லிவிடுவார். கெட்டவரா? அதெல்லாம் இல்லை. பிறர் பேசிச் சிரமப்படுவானேன் என்கிற இரக்கம்தான்.

அப்படி இரக்கப்பட்ட ராஜசிங், ஒரு கிளைச்சிறைக்கு அதிகாரியாக இருந்தார். ஊர்ப் பெயர் எதற்கு, விருதுநகர் மாவட்டம் என்றால் போதும். இரண்டாயிரத்து ஆறு, தீபாவளி சீசன். தாயில்பட்டிப் பக்கம் லைசென்ஸ் ரத்தான பிறகும் பட்டாசு செய்ததாக ஒரே கொட்டகையில் பிடிபட்ட பதினான்கு பேரை, நான்கு பேருக்கென்று கட்டிய அறையில் அடைத்திருந்தார்கள். பாதிப் பேர் படுத்தால் மீதிப் பேர் உட்கார வேண்டும். கொட்டகையில் ஃபோர்மேனாக இருந்த சங்கிலிமுத்து நல்ல உயரம். காலை நீட்டிப் படுத்து வெகுநாளாயிற்று.

இந்த நேரத்தில்தான் மாலைப் பத்திரிகை நிருபர் பாண்டிச்செல்வி, கைதிகளிடம் நேரில் பேச அனுமதி கேட்டு மதுரை ஜெயில் ஆபீசுக்கும் சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்கும் நடையாய் நடந்து, கடைசியில் வாங்கியும்விட்டார். சங்கிலிமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை.

"பேப்பர்ல வந்துட்டா நம்மளப் பிரிச்சு வேற வேற எடத்துல போடுவாகலே. ஆசதீரப் படுத்துரலாம்!"

நிருபர் சங்கிலிமுத்துவிடம் வந்தார். ராஜசிங் டீ டம்ளரும் கையுமாகக் கூடவே வந்தார்.

"அண்ணாச்சி, சாப்பாடு எப்படி இருக்கு?"

"வீட்டுச் சாப்பாடு தோத்துருங்காரு" என்றார் ராஜசிங். சங்கிலிமுத்து திறந்த வாயை மூடினார்.

"ராத்திரி தூக்கம்?"

"இவுக குறட்டையில எனக்குத்தான் மேடம் தூக்கம் இல்ல."

"சார், அவுக பேசட்டுமே."

"தாராளமா! இங்கன பேச்சுச் சுதந்திரத்துக்கு என்ன கொறச்சல்? என்ன சங்கிலி, கொறச்சல் இல்லேல்ல? இல்லங்காரு, எழுதிக்கோங்க."

இவ்வளவு பேசினால் தொண்டை வறளாதா? ராஜசிங் ஒரு வாய் டீ குடித்தார். அந்த ஒரு மடக்கு நேரத்தில் பாண்டிச்செல்வி முந்திக்கொண்டார்.

"இந்த ரூம்ல எத்தனை பேரு இருக்கீக?"

"நாலு பேரு!" என்றது அறை முழுவதும் ஒரே குரலில். சொன்ன வேகத்தில் பத்துப் பேர் கழிப்பிடத்துத் தடுப்புச்சுவருக்குப் பின்னால் ஓடி ஒளிந்தார்கள்.

வேறொன்றுமில்லை, தொழில் பழக்கம். பட்டாசு ஆலையில் ஓர் அறைக்கு நான்கு பேர்தான் இருக்கலாம் என்பது சட்டம். சோதனைக்கு ஜீப் வந்தால் கூடுதல் ஆட்கள் கருவேலங்காட்டுக்குள் ஓடிவிட வேண்டும், மிச்சம் இருப்பவர்கள் "நாலு பேரு" என்று சொல்ல வேண்டும் என்று இத்தனை வருடமாகப் பழக்கி வைத்ததே சங்கிலிமுத்துதான். பேனாவும் கையுமாக ஒருவர் வந்து ஆள் கணக்குக் கேட்டால் வாய் தானாகச் சொல்கிறது, கால் தானாக ஓடுகிறது. சிறையில் கருவேலங்காட்டுக்கு எங்கே போவது? இடுப்புயரச் சுவருக்கு மேலே பத்துத் தலைகள் தெரிந்தன.

"நாலு பேருதாங்காக மேடம்" என்றார் ராஜசிங். பழக்கம் அவரையும் விடவில்லை.

பாண்டிச்செல்வி தலைகளை ஒவ்வொன்றாக எண்ணி எழுதினார். சிரிப்பில் பேனா ஆடியது. அப்போதுதான் சங்கிலிமுத்து முதன்முதலாகத் தன் வாயால் பேசினார்.

"பழக்கதோசம் மேடம். பதினாலு பேரு இருக்கோம். மொற வச்சுத்தான் தூங்குறோம். இது நானாச் சொல்றது."

மறுநாள் செய்தி வந்தது. வாரம் முடிவதற்குள் பத்துப் பேரை வேறு சிறைகளுக்கு மாற்றினார்கள். சங்கிலிமுத்து காலை நீட்டிப் படுத்தார். குறட்டை உண்மையாகவே வாசல் வரை கேட்டது. ராஜசிங்குக்கு மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு ஓலை வந்தது. துக்கம் விசாரிப்பதுபோல வீட்டுக்கு வந்தவர்கள், "மனசுக்குக் கஷ்டமா இருக்கா சார்?" என்று கேட்டார்கள். அவர் வாயைத் திறந்தார்.

"அவுகளுக்கு ஒரு கஷ்டமும் இல்ல" என்றார் மனைவி ஜெயக்கொடி. "சந்தோசமா இருக்காக."

நீங்கள் இந்த இனம் இல்லை என்கிறீர்களா? சரி, நம்புகிறேன். எதற்கும் உங்கள் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே என்றால், "அவங்களும் அதைத்தான் சொல்வாங்க" என்று அதற்குள் ஏன் முந்திக்கொள்கிறீர்கள்?