இரண்டு புள்ளி பின்னால்

"மறுபடியும் ரெண்டு புள்ளி பின்னாலயா?" இயக்குநர் வரைபடத்தை மேஜையில் அறைந்தார். "முப்பது வருஷத்துக்கு முன்னாடி ரெண்டு நாடும் நூறு புள்ளியிலதானே ஆரம்பிச்சோம்? இன்னைக்கு நம்ம ஆலை உற்பத்தி இருநூத்திப் பன்னெண்டு. ஆத்துக்கு அந்தப் பக்கம் இருநூத்திப் பதினாலு. ஆறு வருஷமா இதே கதை! அஞ்சு மணிக்கு இந்த வருஷப் புள்ளிவிவரப் புத்தகம் அச்சுக்குப் போகுது. அதுக்குள்ள நாம முந்தலைன்னா உங்களைக் காகிதக் கிடங்குக்கு மாத்திடுவேன்."

ஒப்பீட்டுப் பிரிவில் இருந்ததே ஒரே ஒரு ஒப்பீட்டாளர்தான். ஆலை ஆலையாக ஏறி இறங்கி எண்ணுகிற மனிதர் அவர். இல்லாத செங்கல் ஒன்றைக்கூட இதுவரை சேர்த்ததில்லை. அக்கரைக் கணக்கைப் பார்ப்பதோ அவர் மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். வருஷா வருஷம் போனில் எண்ணைச் சொல்வார், அதுவும் மாப்பிள்ளையின் எண்ணைக் கேட்டுக்கொண்ட பிறகுதான். கட்டிக் கொடுத்த தங்கையின் புருஷனை இப்படியா மண்ணைக் கவ்வ வைப்பது?

கோபத்தோடு பட்டியலைப் புரட்டியதில் வழி பிறந்தது. போனை எடுத்தார்.

"மச்சான், எங்க எண் மாறிடுச்சு. ரெண்டு சோப்பு ஆலை விட்டுப்போயிருக்கு. இப்ப இருநூத்திப் பத்தொன்பது."

மறுமுனையில் பென்சில் கிறுக்கும் சத்தம் கேட்டது.

"நல்லவேளை சொன்னீங்க மாப்ள. எங்களுக்கு மூணு விட்டுப்போச்சு. இருநூத்தி இருபத்தஞ்சு."

இரண்டு புள்ளி ஆறு புள்ளியாகிவிட்டது. இயக்குநர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"தையல் மிஷினும் மிஷின்தானே? ஊர்ல இருக்கிற தையல்காரங்க எல்லாரையும் சேருங்க!"

சேர்த்தார். இருநூற்று நாற்பது. பெருமையோடு மறுபடியும் போன் செய்தார்.

"தையல்காரங்களா? நல்ல யோசனை மாப்ள!" என்றார் மச்சான் மூச்சு வாங்க. "எங்க தையல்காரங்களையும் சேர்த்தா... இருநூத்தி ஐம்பத்திரண்டு."

"இவ்வளவு சீக்கிரம் எப்படி எண்ணினீங்க?"

"இங்க எல்லாரும் ஒரே தெருவுலதான் இருக்காங்க."

ஒப்பீட்டாளரின் காது சிவந்தது. மணி நாலரை. வேறு வழி தெரியாமல் வீட்டுக்குப் போன் போட்டார்.

"நீ தைக்கிறியே தலையணை உறை, மாசத்துக்கு எத்தனை?"

"எதுக்கு?"

"உங்க நாட்டைத் தோற்கடிக்க."

"நான் தச்ச உறையை வச்சு என் அண்ணனையே தோற்கடிப்பீங்களா? ராத்திரி தலையணையே இல்லாம படுங்க!"

போன் வைக்கப்பட்டது. அந்தச் சத்தத்தில் அவருக்குள் மிச்சமிருந்த பொறுமையும் போய்விட்டது. அண்ணனும் தங்கையும் பேசி வைத்துக்கொண்டு ஆட்டம் காட்டுகிறார்கள்! நேர்மையாக எண்ணுகிறவன் கிடங்கில் தூசி தட்ட வேண்டும், வாய்க்கு வந்ததைச் சொல்கிறவன் ஜெயிக்க வேண்டுமா? மச்சானை நேருக்கு நேர் கேட்டுவிடுவது என்று மூன்றாவது தடவை அதே ஆபீஸ் எண்ணைச் சுழற்றினார்.

எடுத்தது மச்சானின் மனைவி.

"அக்கா? ஆபீஸ் போனை நீங்க எப்படி எடுத்தீங்க?"

"அவர் கடைக்குப் போயிருக்கார் தம்பி."

"வந்ததும் சொல்லுங்க. அவர் சொன்ன எண் ஒண்ணைக்கூட நான் நம்பல. நாங்க முந்திட்டோம்னு போட்டு இப்பவே அச்சுக்கு அனுப்பப் போறேன்!"

"ஐயோ, அதை மட்டும் செஞ்சுடாதீங்க தம்பி!" என்று பதறினாள் அவள். "ஆறு வருஷம் முன்னாடி நாங்க உங்களை முந்தினதும், 'அதான் முந்தியாச்சே, இனி ஒப்பீடு எதுக்கு'ன்னு மறு மாசமே அவர் ஆபீஸை மூடிட்டாங்க, உங்க வேலையாவது தப்பிக்கட்டும்னுதான் மனுஷன் அந்தப் போனை வீட்டுக்கு மாத்தி வச்சு உட்கார்ந்துக்கிட்டு உங்களைவிடக் கூட்டிக் கூட்டிச் சொல்லிட்டிருக்கார்!"