ஆண்கள் கூட்டத்தால் பலன் உண்டா என்று கேட்ட மகளுக்கு

அன்பு மகள் சாந்தினிக்கு,

செர்டாங்கிலிருந்து அப்பா காளிதாசன் எழுதுவது. என் முட்டியைத் தவிர இங்கு எல்லாம் நலம். உன் பெயருக்கு வெள்ளிக்கிழமை அர்ச்சனை செய்தாயிற்று.

பாலியல் வன்முறையைத் தடுக்க ஆண்களிடம் பேச வேண்டும் என்று உன் சங்கம் எங்கள் கோயில் மண்டபத்தில் நடத்திய கூட்டத்தால் பலன் உண்டா என்று படிவம் அனுப்பியிருந்தாய். 'ஆம்', 'இல்லை' என்று இரண்டே கட்டங்கள். முப்பது வருஷம் செம்பனைக் குலை ஏற்றி லாரி ஓட்டியவனின் பெருமை அதற்குள் அடங்குமா? அதனால்தான் கடிதம்.

முதலில் ஆளே வரவில்லை. வீடு வீடாகப் போய் அழைத்தேன். முனியாண்டி, "என்னைப் பார்த்தா அப்படிப்பட்ட ஆளு மாதிரியாண்ணே இருக்கு?" என்று கோபித்துக்கொண்டான். கடைசியில் பிரியாணி உண்டு என்றேன். நாற்பது பேர் வந்துவிட்டார்கள், பிரியாணியோ பதினைந்து பேருக்கு. உங்கள் சங்கத்துப் பிள்ளை சுகந்தினி பேச ஆரம்பித்ததுமே என் கூட்டாளி பழனியாண்டி எழுந்து, "பொண்ணுங்க நேரத்தோட வீடு வந்து சேர்ந்தா போதாதா?" என்றான். அவள் சிரித்துக்கொண்டே, "அவங்கள வீட்டுல பூட்டிட்டு வெளிய யாரை அங்கிள் விட்டு வைக்கிறீங்க?" என்றாள். பழனியாண்டி மறுபடி உட்கார்ந்துகொண்டான். பிறகு, கூட்டாளி ஒரு பெண்ணைப் பற்றி அசிங்கமாகப் பேசினால் எப்படித் தடுப்பது என்று நடித்துக் காட்ட என்னை மேடைக்கு இழுத்துவிட்டாள். எனக்கு வார்த்தையே வரவில்லை, மைக் கையிலிருந்து நழுவிப் போய்த் தயிர்ப் பச்சடியில் விழுந்தது.

ஆனால் கேள் மகளே, அடுத்த வாரம் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்திருந்தோம். தர்மலிங்கத்தின் மகள் நளினி கூலிம் ஹைடெக் தொழிற்பூங்கா வேலை முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கி வந்தாள். அவளைப் பார்த்துப் பழனியாண்டி, உனக்கு எழுதக் கூசும் ஒன்றைச் சொன்னான். இத்தனை வருஷமும் இப்படிப் பேச்சு வந்தால் நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். சொல்ல வெட்கமாயிருக்கிறது. நீயும் அதே பஸ்ஸில் வேலைக்குப் போனவள்தானே? அன்று சிரிப்பு வரவில்லை. "போதும்லா!" என்று கத்திவிட்டேன். பழனியாண்டி என்னை ஒரு மாதிரிப் பார்த்து வாயை மூடிக்கொண்டான். உங்கள் கூட்டத்தின் பலன் இதுதான். சங்கத் தலைவியிடம் என் பெயரைத் தவறாமல் சொல்.

நீ எடுத்த காரியத்துக்கெல்லாம் முருகன் துணை வரட்டும். நேரத்துக்குச் சாப்பிடு.

தலை நிமிர்ந்த உன் அப்பா,
காளிதாசன்

பி.கு.: மேலே எழுதியதை அடித்துவிடு. தபால் போடப் போகும் வழியில் கடையில் நுழைந்தேன். கடைக்காரப் பிரேமாவதி, "அண்ணே, பால் இல்லாத தே ஓவுக்கு இன்னிக்கும் சீனி கம்மிதானே? அன்னிக்கு நான் சீனி போட்டுக்கிட்டு இருக்கும்போதே போதும்லான்னு கத்துனீங்களே" என்றாள். பழனியாண்டியோ, "காளி, உனக்கு இனிப்புநீர் வியாதி எப்ப வந்துச்சு? நான் பயந்துட்டேன்டா" என்று என் தோளைப் பிடித்தான். "சீனிக்குச் சொல்லலடா, உன் வாய்க்குச் சொன்னேன். நளினியைப் பத்தி இனிமே அப்படிப் பேசாத" என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னேன். அவன் கிளாஸை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். பிறகு, அங்கிருந்த முனியாண்டி தன் நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டான்.