இருவழி மீட்டர்

"இறந்தவர் பேர்ல சோலார் போட முடியாது சார்" என்று விண்ணப்பத்தைத் திருப்பித் தள்ளினாள் கரண்ட் ஆபீஸ் கவுன்ட்டரில் இருந்த சுபஸ்ரீ.

மன்னார்புரம் அற்புதசாமிக்குச் சுருக்கென்றது. கல்லூரி அலுவலகத்தில் முப்பது வருஷம் மற்றவர்களின் விண்ணப்பங்களை இதே மாதிரி தள்ளிவிட்டு ஓய்வு பெற்றவர் அவர்.

"அப்பா போய்ப் பன்னெண்டு வருஷமாச்சும்மா. அவர் பேர்ல கட்டுற பில்லை மட்டும் வாங்கிக்கிறீங்களே."

"பில்லு யார் வேணா கட்டலாம் சார். சோலாருக்கு ஓனர்தான் கையெழுத்துப் போடணும். பேர் மாத்திட்டு வாங்க."

எல்லாம் அந்தப் பில்லால் வந்தது. நாலு ஃபேன், ஒரு ஃப்ரிட்ஜ் உள்ள வீட்டுக்கு அது ரொம்பவே அதிகம்தான். மாடி அறையில் மனைவி லூர்துராணி நடத்தும் தையல் வகுப்பே காரணம் என்று அவர் வருஷக்கணக்காகச் சொல்லிவந்தார். "ஆறு மெஷின் மோட்டாரும் சேர்ந்தாலும் ஒரு இஸ்திரிப் பெட்டிக்கு ஈடாகாது" என்பாள் அவள். இந்தத் தகராறை முடிக்கத்தான் சோலார்.

பேர் மாற்றத் தங்கை லிசியின் சம்மதக் கடிதம் தேவைப்பட்டது. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி ஸ்ரீரங்கம் போனார்.

"கையெழுத்துப் போடுறேண்ணா. ஆனா சோலார் வைக்கிறேன்னு அப்பா வச்ச மாமரத்துல ஒரு கிளையைக்கூட வெட்டக் கூடாது. எழுதிக் கொடுங்க."

எழுதிக் கொடுத்தார். பேர் மாறியது.

பேனல் பொருத்த வந்த செந்தமிழன் மொட்டை மாடியில் நின்று மரத்தையே பார்த்தான்.

"நிழல் விழுதுங்க சார். ரெண்டு கிளையை எடுத்துரலாம்."

"எழுதிக் கொடுத்திருக்கேன்ப்பா."

"அப்ப ஃப்ரேமைத் தூக்கணும். பத்தடி ஆகும்."

வரைபடத்தில் பத்தடியைப் பார்த்த சுபஸ்ரீ, "இது ஷெட் மாதிரி இருக்கே சார். கட்டட பிளானுக்கு அனுமதி வாங்கிட்டு வாங்க" என்றாள்.

பீரோவிலிருந்து எடுத்த பழைய பிளானில் தரைத்தளம் மட்டுமே இருந்தது. மாடி அறை காகிதத்தில் இல்லை. அளக்க வந்த மாநகராட்சி அதிகாரி, அனுமதி கிடைக்கும்வரை அந்த அறையில் எதுவும் நடத்தக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆறு மெஷின்களும் ஹாலுக்கு இறங்கின. சோபா வாசலுக்குப் போனது. அற்புதசாமியின் ரசத்தில் நூல் மிதந்தது. எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிட்டார்.

"வகுப்புல ரெண்டு பொண்ணுங்க நின்னுடுச்சுங்க" என்றாள் லூர்துராணி ஒரு நாள். "ஆம்பிளைங்க நடமாடுற ஹால்ல அளவெடுக்கக் கூச்சமா இருக்காம்."

அந்த வீட்டில் நடமாடும் ஆம்பிளை அவர் ஒருத்தர்தான். மறுநாளிலிருந்து வகுப்பு நேரத்தில் மாமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சித்திரை வெயில் இலைகளுக்கு நடுவே வந்தும் சுட்டது. மெஷினைக் குறை சொன்ன நாட்கள் நினைவுக்கு வந்தன. சோலார் ஓடத் தொடங்கட்டும், அப்புறம் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை என்று முடிவுசெய்துகொண்டார்.

நாலாவது மாதம் அனுமதி வந்தது. பத்தடிக் கால்களில் பேனல்கள் ஏறின. பாக்கி இருந்தது ஒன்றுதான்: போகிற கரண்டையும் வருகிற கரண்டையும் சேர்த்துக் கணக்கிடும் இருவழி மீட்டர். அதைப் பொருத்த ஒயர்மேன் ரத்தினவேல் வந்தார்.

அப்பா ஒட்டினாற்போல ரெண்டு வீடு கட்டி ஒன்றை விற்றிருந்தார். இரண்டுக்கும் மீட்டர்கள் நடுச்சுவரில் ஒரே பெட்டியில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ரத்தினவேல் நம்பரைச் சரிபார்த்தார்.

"பத்து நிமிஷம் கரண்ட் இருக்காது சார். வீட்ல சொல்லிடுங்க" என்று ஃபியூஸைப் பிடுங்கினார்.

அற்புதசாமி உள்ளே போய், "கரண்ட் போயிருக்கு, பத்து நிமிஷம் பொறுத்துக்கங்க" என்றார்.

மெஷின் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. லூர்துராணி மட்டும் தலைக்கு மேல் ஓடும் ஃபேனைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

அவர் வெளியே வந்தார். "பிடுங்கிட்டீங்களா?"

ரத்தினவேல் கையிலிருந்த ஃபியூஸைக் காட்டினார்.

"நம்பர் சரிதானே?"

"உங்க பேரு, உங்க நம்பரு. இப்பத்தான் பேர் மாத்தியிருக்கு, பாருங்க."

அப்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பக்கத்து வீட்டு வஹீதா எட்டிப் பார்த்தாள்.

"சார், உங்க வீட்ல கரண்ட் இருக்கா? எங்க வீட்ல மூணு ஏசியும் ஒண்ணா நின்னுபோச்சு."