பைய வாங்க

தமிழ்நாட்டை முழுக்க அறிந்தவர் என்று நான் ஒரே ஒருவரைத்தான் ஒப்புக்கொள்வேன். அவர் எந்த ஊரிலும் பஸ் ஸ்டாண்டைத் தாண்டிப் போனதில்லை.

அதனாலேயே அவருக்கு ‘பஸ் ஸ்டாண்டு’ என்று பெயர். 1991-இல், ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவே வயல்காட்டில் முளைத்திருந்த எங்கள் தொழிற்சாலையில் கம்பெனி பஸ் டிரைவர். அதற்கு முன் பல வருடம் வெளியூர் பஸ்களில் கண்டக்டராக இருந்து, பிறகு டிரைவரானவர். சொந்த ஊர் சேரப்பணஞ்சேரி. சொந்தப் பெயர் என்று ஒன்று இருந்திருக்க வேண்டும். டைம் ஆபீஸில் உட்கார்ந்து மாதாமாதம் அதை எழுதியவனே நான்தான், எனக்கே நினைவில்லை.

ஓர் ஊரை எடைபோட அவருக்கு ஒரு டீ ஆறுகிற நேரம் போதும்.

“கோபுரம், கோட்டை எல்லாம் ஊரு சீவி சிங்காரிச்சுகினு நிக்கற எடம் சார். தூங்கி எழுந்த மூஞ்சியோட அது இருக்கறது பஸ் ஸ்டாண்டுலதான்” என்பார்.

“மதுரைல வழி மட்டும் கேட்டுடாத. ஒருத்தன கேட்டா நாலு பேரு வருவான். எவன் சொல்றதுன்னு அவனுங்களுக்குள்ளயே சண்ட. ஆனா சண்ட முடிஞ்சதும் நாலு பேருமா சேந்து வாசல் வரைக்கும் கூட்டினு போய் வுடுவானுங்க.”

“கோயமுத்தூர்ல ஒருத்தன் கால மிதிச்சுட்டேன். அவன் ‘பரவால்லீங்க, நான்தான் காலை அங்க வெச்சுட்டனுங்க’ன்றான். இன்னிக்கும் எனக்குக் கால் கூசுது.”

“திருச்சி?” என்று யாரோ கேட்டார்கள்.

“அது ஊரா? ராத்திரி பஸ்ஸுல தூங்கறவன எழுப்பி, டீ குடுத்து வுடற எடம்.”

நான் கும்பகோணம். என் பக்கமும் ஸ்டியரிங் திரும்பியது. “கும்பகோணத்தான் வழி சொன்னா போற எடம் போய்ச் சேரமாட்ட. ஆனா வழியில இன்னா துன்னணும்னு சுத்தமா தெரிஞ்சிடும்.” மறுத்துப் பேச வாயைத் திறந்தேன். உள்ளே வடை இருந்தது.

மெட்ராஸைப் பற்றி அவருக்கு ஒரே குறை. “அது எங்க ஆரம்பிக்குதுன்னு எவனுக்காவது தெரியுமா? வுட்டா நாளைக்கு சேரப்பணஞ்சேரியகூட மெட்ராஸுன்னுவான்.” பஸ்ஸே சிரித்தது. இன்று அங்கே மனை விற்பவர்கள் நோட்டீஸில் அதைத்தான் அச்சடிக்கிறார்கள், சிரிக்க ஆளில்லை.

எல்லா ஊரையும் திட்டுவதுபோல் தொடங்கி, கொஞ்சிவிட்டுத்தான் கீழே வைப்பார். விதிவிலக்கு திருநெல்வேலி.

“எத்தினி வருசம் கண்டக்டரா இருந்தேன். ஒரு திருநவேலிக்காரன் பைய என் கையில குடுத்ததில்ல சார். மேல வெக்கறேன், குடுய்யான்னா மடியில வெச்சுக் கட்டிப் புடிச்சுக்குவான். உள்ள அல்வா. நான் துன்னுடுவேனாம்.”

இந்த ஒரு தீர்ப்பால்தான் வம்பு வந்தது. அவர் மகள் அமுதா எங்கள் பேக்கிங் பிரிவில் வேலை பார்த்தாள், அப்பாவின் பஸ்ஸிலேயே வருவாள். என் லாட்ஜ் அறைத் தோழன், திருநெல்வேலிக்கார இசக்கிமுத்து அதே பஸ்ஸில் வருவான். டிரைவருக்கு மேலே அத்தனை பெரிய கண்ணாடி இருந்தும், அதற்கு நேர் கீழே ஒரு காதல் வளர்ந்து கல்யாணப் பேச்சு வரை வந்துவிட்டது. ரோட்டைப் பார்த்து ஓட்டுகிற நல்ல டிரைவர்களுக்கு நேர்வது இது.

“பையன் தங்கம், ஒத்துக்கறேன். ஆனா பைய நம்பிக் குடுக்காத ஊருக்குப் பொண்ண நம்பி எப்பிடி சார் குடுக்கறது?” என்றார் என்னிடம். அவர் விளையாடவில்லை. அமுதா அவருக்கு ஒரே பெண். பையனின் அப்பா அம்மாவை ஒரு தடவை பார்க்கிறேன், மனசுக்கு ஒப்பவில்லையென்றால் இத்தோடு விட்டுவிட வேண்டும் என்று அவளிடம் சொல்லியிருந்தார். அவளும் அழுதுகொண்டே சரி என்றிருந்தாள்.

“அண்ணாச்சி, எங்கய்யா முன்னால இவரு வாயத் தொறந்தாருன்னா சோலி முடிஞ்சுரும். கொஞ்சம் பாத்துக்கிடுங்க” என்றான் இசக்கி. பார்த்துக்கொள்ள என்னால் முடிந்ததெல்லாம் கூடப் போய் நிற்பதுதான்.

ஸ்ரீபெரும்புதூருக்கு ரயில் கிடையாது. இசக்கியின் பெற்றோர் செங்கல்பட்டில் இறங்கி, பஸ் மாறி வந்து, நாங்கள் காத்திருந்த இடத்துக்கு எதிர்ப்பக்கம் ஆளுக்கொரு பையோடு நின்றார்கள். எங்கள் ஆள் அவர்களைப் பார்த்ததும் சாலையில் இறங்கிவிட்டார். ஸ்டியரிங்கில் நிதானமானவர், நடக்கும்போது பஸ்ஸைத் தவறவிட்டவர் மாதிரிதான் நடப்பார். இரண்டு பக்கமும் லாரிகள். இசக்கியின் அப்பா பதறிப்போய்க் கையை உயர்த்தினார்.

“பைய வாங்க, பைய வாங்க.”

தெற்கே ‘பைய’ என்றால் மெதுவாக. சேரப்பணஞ்சேரியில் ‘பைய’ என்றால் பையை. ‘வாங்குங்க’வில் பாதியை லாரி ஹாரன் விழுங்கிவிட்டது என்று எங்கள் டிரைவர் நினைத்திருக்க வேண்டும். நடுரோட்டில் ஒரு கணம் நின்றார். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பிறகு ஒரே ஓட்டமாகப் போய் இசக்கியின் அப்பா கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். பெரியவர் திகைத்தாலும் விட்டுவிட்டார். “பைய, பைய” என்று அந்த அம்மாள் பதற, அவர் பையும் கைமாறியது.

இசக்கி என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன்.

வீடு போய்ச் சேரும்வரை இரண்டு பைகளையும் அவர் கீழே வைக்கவில்லை. வாசலிலிருந்தே குரல் கொடுத்தார்: “அமுதா, அவுங்களே கூப்ட்டு குடுத்தாங்கம்மா.” அன்று வாயைத் திறந்தார்தான், ஆனால் அல்வாவுக்காக. “மரியாத தெரிஞ்ச மனுசன்வே” என்று இசக்கியின் அப்பா என் காதில் சொன்னார். தை மாதம் கல்யாணம்.

பிறகு எனக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. வழியனுப்ப பஸ்ஸுக்குள்ளேயே ஏறி வந்த ‘பஸ் ஸ்டாண்டு’, “பைய போய்ட்டு வா சார்” என்றார்.

திடுக்கிட்டுப் பார்த்தேன்.

“இன்னா பாக்கற? பையன்னா மெதுவான்னு கல்யாணமான மறுவாரமே பொண்ணு சொல்லிட்டா. சொல்லட்டும். நான் கைய நீட்னப்போ அவுரு இழுத்துப் புடிக்கல, பாத்த இல்ல? ஊருன்னா அதான் சார்.”

பஸ் நகர்ந்தது. என் பையைக் கையில் தேடினேன். அதை அவர் எப்போதோ வாங்கி, என் தலைக்கு மேலே பத்திரமாக வைத்திருந்தார்.